பெயர் வைத்து வரையுங்கள்

காப்பகத்து நாய்க்காகச் சுவரொட்டி போடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் தேடுகிறார்கள். கம்பிக்குப் பின்னால் ஈரக் கண்ணோடு ஒரு நாய், மேலே சிவப்பெழுத்தில் ‘என்னைக் காப்பாற்றுங்கள்’. அதைப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒட்டிப் பாருங்கள். ஒரு வாரத்தில் அதன் மேல் டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஏறியிருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவருக்குத் தன் கவலையே தலைக்கு மேல். பெயர் தெரியாத ஒரு நாயின் சோகத்தை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்காக அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது சுருக்கமானது. பரிதாபத்தை வரையாதீர்கள், ஒரு குறிப்பிட்ட நாயை, ஒரு குறிப்பிட்ட பூனையை, ஒரு குறிப்பிட்ட மாட்டை வரையுங்கள். அதற்குப் பெயர் உண்டு, குணம் உண்டு, காதிலோ வாலிலோ ஓர் அடையாளம் உண்டு. அது தெரிந்துவிட்டால் ஊரே அதை விசாரிக்க ஆரம்பிக்கும். விசாரிக்கிறவர்களில் ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போவார்.

யோசனை பழையதுதான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று அது செய்த வேலையையும், கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். அந்தச் சிற்பி நாயைப் பார்த்து நம்மை அழவைக்க முயலவில்லை. பெயரைச் சொன்னார், செய்ததைச் சொன்னார். ஏறக்குறைய 1,400 ஆண்டு கழித்தும் அந்த நாயை நாம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறோம்.

ஏன் இப்போது இந்த வேலை அவசரம் என்றால், சட்டம் மாறிக்கொண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். 2025 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பள்ளிகள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது, காப்பகத்தில்தான் வைக்க வேண்டும் என்றது. நெடுஞ்சாலையில் திரியும் மாடுகளையும் அகற்றித் தொழுவங்களில் சேர்க்கச் சொன்னது. அதுவரை காப்பகம் என்பது சென்னை, கோவை சமாச்சாரம். இனி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அது வீட்டு வேலை. உள்ளே போகும் நாய்களின் எண்ணிக்கை கூடும். வெளியே வரும் வழி ஒன்றே ஒன்று, யாராவது வீட்டுக்குக் கூட்டிப்போவது.

‘படம் போட்டு, பாட்டுப் பாடி என்ன ஆகப்போகிறது’ என்று யாராவது கேட்டால் ருக்மிணி தேவி அருண்டேலை நினைவுபடுத்துங்கள். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய அதே நாட்டியக்காரர்தான், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும், விலங்குகளைக் கொடுமை செய்வதைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னபின் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர். மேடையில் நின்று பழகியவருக்குச் சபையைத் திரும்பிப் பார்க்கவைக்கத் தெரிந்திருந்தது.

காப்பகத்தில் முதல் வேலை

முதல் தடவை கேமராவும் பிரஷ்ஷும் வேண்டாம். ஒரு நோட்டு போதும். காப்பக நிர்வாகியைவிட, தினமும் சோறு வைத்துக் கூண்டு கழுவுகிறவரிடம்தான் உங்களுக்கு வேண்டிய விவரம் இருக்கும். ‘இதில் எது பாவம்?’ என்று கேட்காதீர்கள், எல்லாமே பாவம் என்று பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

“அக்கா, இதுல உங்களுக்கு ரொம்பத் தொல்லை குடுக்குறது எது?”

“இந்தச் செவலைதான் தம்பி. நேத்து வச்ச தட்டுல இன்னிக்கு வச்சா கவுத்துப்புடும். கழுவி வச்சாத்தான் வாய வைக்கும். பெரிய வீட்டுப் புள்ளைன்னு நெனப்பு.”

முடிந்தது. உங்கள் படத்துக்கு வேண்டிய ஆள் கிடைத்துவிட்டது. ‘கழுவாத தட்டில் சாப்பிடாத செவலை’ என்று எழுதினால் டீக்கடையில் நிற்கிறவர் சிரிப்பார். சிரித்தவர் பெயரையும் படிப்பார்.

நோட்டில் ஒரு விலங்குக்கு ஒரு பக்கம். பெயர், நிறம், ஏறக்குறைய வயது, கருத்தடை ஆனதா, தடுப்பூசி என்றைக்குப் போட்டது. நகரத்துக் காப்பகங்கள் இதோடு ‘குழந்தைகளோடு பழகுமா, மற்ற நாய்களோடு ஒத்துப்போகுமா’ என்று இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்கின்றன. நம் புதுக்கோட்டைப் பக்கத்துக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும்: கோழியை விரட்டுமா? ஆலங்குடிப் பக்கமோ திருமயம் பக்கமோ நாய் கேட்டு வருகிறவர் வீட்டு வாசலில் கோழியும் ஆடும் நிச்சயம் இருக்கும். இந்த ஒரு விவரம் இல்லாததால் பத்தே நாளில் திரும்பி வரும் நாய்கள் உண்டு.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காப்பகத்தில் கூப்பிடும் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். மணி, டைகர், பப்பி என்று எதுவாக இருந்தாலும் அதற்குத்தான் நாய் திரும்பிப் பார்க்கும். ஆனால் கட்சித் தலைவர் பெயர், சாதியை நினைவூட்டும் பெயர் இருந்தால் சுவருக்குக் கொண்டுவராதீர்கள். கறுப்பு நாய்க்குக் கறுப்பன் என்று பெயர் இருந்தால், எழுதப்போகும் ஊரில் காவல் தெய்வம் யார் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டாவது முறை போகும்போது போனில் படம் எடுக்கலாம். தரையில் உட்காருங்கள், இல்லையென்றால் குப்புறப் படுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்த படத்தில் எந்த நாயும் கெஞ்சுவதுபோலத்தான் தெரியும். காலை வெயில் ஏறுவதற்கு முன், கூண்டுக்கு வெளியே, கயிறு பிடிப்பவர் படச் சட்டகத்துக்கு வெளியே. ஃபிளாஷ் கூடாது, கண் பச்சையாக எரியும். அமெரிக்காவில் தத்துக்கு வைத்திருந்த கறுப்பு லாப்ரடார் கலப்பு நாய்களின் இணையப் படங்களை வைத்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. கேமராவை நேராகப் பார்த்த, மங்கலாகாத, வெளியிடத்தில் எடுத்த படங்களில் இருந்த நாய்கள் விரைவாக வீடு சேர்ந்தன என்பது அதன் சாரம். அவர்கள் கறுப்பு நாய்களை எடுத்துக்கொண்டதில் நமக்கும் பாடம் இருக்கிறது. மங்கலான கூண்டில் கறுப்பு நாய் வெறும் இருட்டாகத்தான் பதியும். அதை வெள்ளையடித்த சுவர் பக்கம், நிழலில் நிறுத்துங்கள். போன் திரையில் நாயின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். மூக்கின் ஈரம் தெரிந்தால் படம் சரி.

இனி காது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். படம் வரைகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்தக் காதை முழுசாக வரைந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வெட்டுத்தான் உங்கள் படத்திலேயே மதிப்புள்ள இடம். ‘இந்த நாய்க்கு ஊசி போட்டாயிற்று, இனிக் குட்டி போடாது’ என்று பயந்தவருக்குச் சொல்வது அதுதான். இன்னும் ஒரு படி போய், அந்தக் காதை மட்டும் பெரிதாக ஒரு மூலையில் வரைந்து, பக்கத்தில் விளக்கத்தை எழுதலாம். தெருவில் நிற்கும் நாயை அடுத்த முறை பார்க்கும்போது ஆள் முதலில் காதைப் பார்ப்பார்.

காயம், ரத்தம், புழு வைத்த புண் எதுவும் படத்தில் வேண்டாம். 1751இல் லண்டனில் வில்லியம் ஹோகார்த் ‘கொடுமையின் நான்கு கட்டங்கள்’ என்று நான்கு படங்கள் போட்டார். முதல் படத்திலேயே சிறுவர்கள் நாயையும் பூனையையும் சித்திரவதை செய்கிறார்கள். ஏழைகளும் வாங்க வேண்டும் என்பதற்காக மலிவான அச்சாகக் கொண்டுவர முயன்றார். கொடுமை செய்கிற கையைத் தடுக்க அந்த வழி சரி. நம் சிக்கல் வேறு. நமக்கு வேண்டியது வீட்டுக் கதவைத் திறக்கிற கை. அமெரிக்க ஓவியர் மார்க் பரோன் இதைப் புரிந்துகொண்டவர். காப்பகங்களில் கொல்லப்பட்ட நாய்களின் முகங்களை மட்டும், ஒரு சதுர அடிப் பலகையில் ஒன்றாக, 5,500 நாய்களுக்கு வரைந்தார். ஒரு நாளில் கொல்லப்படுவதாக அவர் எடுத்துக்கொண்ட கணக்கு அது. ஒரு பலகையிலும் ரத்தம் கிடையாது, எல்லாம் முகம். நம் நாட்டு விதிப்படி காப்பகத்தில் ஆரோக்கியமான நாயைக் கொல்ல முடியாது என்பதால் அவ்வளவு கனமான கதையும் நமக்குத் தேவையில்லை. உயிரோடு இருக்கிற, தட்டைக் கவிழ்க்கிற நாயையே வரையலாம்.

சுவர்

சுவர் என்றதும் எல்லோரும் பேருந்து நிலையத்துக்கு ஓடுகிறார்கள். நான் ஓட்டுப் போடுவது கால்நடை மருந்தகத்துச் சுற்றுச்சுவருக்கு. அங்கே ஆட்டைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காருகிறவருக்கு வேறு வேலையில்லை, விலங்கு வளர்க்கிறவரும் கூட. அடுத்த இடம் ரேஷன் கடை. மூன்றாவது பள்ளிக்கூடம்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959இலேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. ‘நல்ல காரியம்தானே’ என்பது அதற்கு விலக்கு ஆகாது. பள்ளி என்றால் தலைமையாசிரியர், ஊராட்சிச் சுவர் என்றால் ஊராட்சி, மருந்தகம் என்றால் கால்நடைப் பராமரிப்புத் துறை. 2024இல் மாநகராட்சியாகிவிட்ட புதுக்கோட்டைக்குள் என்றால் மாநகராட்சி அலுவலகம். மனுவோடு படத்தின் மாதிரியை வண்ணத்தில் இணைத்துக் கொடுத்தால் பாதிக் கேள்வி குறையும்.

ஐப்பசி, கார்த்திகையில் சுவரைத் தொடாதீர்கள். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான், ஈரச் சுவரில் அடித்த எமல்ஷன் பொங்கலுக்குள் தோலுரிந்துவிடும். தை பிறந்தபின் சுவரைச் சுரண்டி, உப்புப் பூத்த இடத்தைத் தேய்த்தெடுத்து, காயவிட்டு, பிரைமர் அடித்து, அதன் மேல் வெளிச்சுவர் எமல்ஷன். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, சுவரிலும் நூல் அடித்து அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக மாற்றுங்கள். எழுத்து வேலையை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். ஃபிளக்ஸ் வந்தபின் வேலை குறைந்துபோன சுவர் எழுத்துக்காரர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் பழைய போர்டு எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். அவர் கையில் வரும் ‘ழ’வும் ‘ஷ’வும் பத்தடி தள்ளியும் படிக்க வரும். கூலியைப் பேசிக் கொடுங்கள், சேவை என்று இலவசமாகக் கேட்க வேண்டாம்.

நிறம் எத்தனை வேண்டும் என்று குழம்புகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசல் போய்வரலாம். 9ஆம் நூற்றாண்டு அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம், அதில் யானை, எருமை, மீன், அன்னம். அந்த ஓவியர் கையில் இருந்தது கொஞ்ச நிறங்கள்தான். அழுத்தமான கோடு, உள்ளே தட்டையான நிறம், அவ்வளவே. சிதைந்துபோன பின்பும் எருமை எருமையாகத் தெரிகிறது. சுவரில் தூரத்திலிருந்து பார்க்கும் படத்துக்கு நிழல், வெளிச்சம், மயிர் மயிராக வேலைப்பாடு எதுவும் எடுபடாது. அந்தக் கோடுதான் எடுபடும். ஓவியத்தைத் தொடாதீர்கள் என்று குழந்தைகளிடம் உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம். அனுமதித் தொல்லை, குப்பை என்பதெல்லாம் ஒரு பக்கம். நம் ஊரில் ஒரு முகத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே பெயர் எழுதி ஃபிளக்ஸ் வைத்தால் பார்க்கிறவருக்கு முதலில் வரும் நினைப்பு ‘கண்ணீர் அஞ்சலி’. உயிரோடு இருக்கும் நாய்க்கு அந்தக் கதி எதற்கு?

மண்

நமணசமுத்திரம் பக்கம் அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வழி நெடுக மண்குதிரைகள் நிற்கும் காட்சி. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் மாசிமகத்தன்று பெரிய குதிரைக்குக் காகிதப்பூ மாலைகள் ஏறும் காட்சியும் தெரியும். அய்யனார் கோயில்களில் குதிரைக்கு நடுவே நாய்களையும் செய்து வைப்பதுண்டு, காவல் சாமிக்குத் துணையாக. இந்த மாவட்டத்தில் நாயை மண்ணில் செய்யத் தெரிந்த கைகள் ஏற்கனவே இருக்கின்றன என்பது நமக்குப் பெரிய வரம். சென்னையிலோ பெங்களூருவிலோ இதற்கு ஆள் தேட வேண்டும்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புக்கு ஊர் கூடிப் பிடிமண் கொடுத்து, மண் வேலை செய்யும் வேளாரிடம் செய்யச் சொல்வது நேர்த்தி. அந்த வடிவத்தையே எடுத்து, கழுத்தில் போன் நம்பர் கட்டித் தெருவில் வைத்தால் ஊருக்குக் கோபம் வரும், வருவது நியாயமும்கூட. கோயில் வடிவத்தை விட்டுவிடுங்கள். உள்ளங்கை அளவு சின்ன நாய், நிற்பது, படுப்பது, சொறிந்துகொள்வது என்று செய்யச் சொல்லுங்கள்.

வேளாரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து ஒரு நாள் பட்டறை நடத்தலாம். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதிப்பதை முதலில் பிள்ளைகளைச் செய்யவிடுங்கள், அன்றைய சந்தோஷத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். கால்கள் குழாயாக, உடம்பு உள்ளே கூடாக இருக்க வேண்டும். கெட்டி உருண்டையாகச் செய்தால் சூளையில் வெடிக்கும். வால் மெலிந்தால் காய்வதற்குள் ஒடியும், அதனால் வாலை முதுகோடு ஒட்டிச் சுருட்டச் சொல்லுங்கள். நம் நாட்டு நாய்க்கு அதுதான் இயல்பும். நிழலில் நன்றாகக் காய்ந்தபின் வேளாரே தன் சூளையில் வைத்துச் சுட்டுக் கொடுப்பார். ஒவ்வொரு பிள்ளையும் காப்பக நோட்டிலிருந்து ஒரு நாயைத் தேர்ந்து அதைத்தான் செய்ய வேண்டும், அடி வயிற்றில் அதன் பெயரைக் குச்சியால் கீற வேண்டும். பட்டறையில் இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாங்கி அலமாரியில் வைக்கிறவர் என்றாவது தூக்கிப் பார்ப்பார். விற்ற பணத்தில் வேளாரின் கூலி முதலில், மீதி காப்பகத்துக்கு.

இலங்கையில் ஒட்டாரா குணவர்த்தன 2007இல் தொடங்கிய எம்பார்க் இதே வழியைத் துணிக்கடையில் செய்தது. தெருநாய்களை வைத்து டீ-ஷர்ட்டும் பைகளும் விற்று, அந்தப் பணத்தில் தெருநாய்களுக்குச் சிகிச்சை, தத்துக் கொடுப்பது என்று நடத்தினார்கள். பொருள் நன்றாக இருந்தால் வாங்குகிறார்கள். தர்மத்துக்காக வாங்கிய மட்டமான பொருளை இரண்டாவது முறை யாரும் வாங்குவதில்லை.

மேடை

கலையை வைத்து ஊரைத் திருப்புவதில் புதுக்கோட்டைக்கு முன் அனுபவம் இருக்கிறது. 1991–92இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது தெருநாடகமும் பாட்டும் கிராமம் கிராமமாகப் போயின. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதை அதோடு இணைத்தார். சைக்கிளுக்கென்றே பாட்டு எழுதினார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி அது நாடு முழுக்கத் தெரிந்தது. அதில் நாம் கற்க வேண்டியது இது: பாட்டுக்குப் பின்னாலேயே வகுப்பும் சைக்கிள் பயிற்சியும் நடந்தன. பாட்டோடு முடிந்திருந்தால் கைதட்டோடு முடிந்திருக்கும். நீங்கள் நாடகம் போடுகிற அன்று, அதே திடலில் தடுப்பூசி முகாமுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். முகாம் இல்லாவிட்டால் நாடகத்தைத் தள்ளிப்போடுங்கள்.

தனி நாடகம் எழுதச் சிரமமாக இருந்தால் இன்னொரு வழி. நம் பக்கத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் இல்லாத ஊர் குறைவு. அதில் பபூனுக்கும் டான்ஸ் ஆடும் பெண்ணுக்கும் நடக்கும் பேச்சு எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பபூன் நடிகரை இரண்டு நாள் முன்பே பார்த்து, காப்பகத்து விவரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். வசனத்தை எழுதிக் கொடுக்காதீர்கள், எழுதிய வசனம் அவர் வாயில் செத்துவிடும். இப்படி ஏதாவது அவரே செய்துகொள்வார்:

“ஏம்மா, இந்த நாயிக்கு யாரோ காதக் கடிச்சுப்புட்டான் போலருக்கே?”

“கடிக்கல மாமா, கத்திரிச்சிருக்கு.”

“எதுக்கு? கம்மல் போடவா?”

“குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு, ஊசியும் போட்டாச்சுன்னு அடையாளம் மாமா.”

“அட, அப்படிப் பார்த்தா நம்ம ஊர்ல பாதிப் பேருக்குக் காதக் கத்திரிக்கணுமேம்மா!”

ராத்திரி ஒரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கூட்டத்துக்கு இந்தக் காது மறக்காது. மேடைக்கு நாயைக் கொண்டுவர மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மைக், வேட்டு, வெளிச்சம் எல்லாம் சேர்ந்து அதை மிரளவைக்கும், மிரண்ட நாய் கடிக்கும். உங்கள் வேலை அன்றோடு முடியும். நாய்க்குச் சாயம் அடிப்பது, சட்டை மாட்டி ஊர்வலம் விடுவது எல்லாம் இதே கணக்கில் சேரும்.

கடியைப் பற்றிப் பேசாமல் நழுவாதீர்கள். கேட்கிறவர்களில் யார் வீட்டிலோ ஒரு பிள்ளை கடிபட்டிருக்கும். ‘நாய் நன்றியுள்ளது’ என்று அவரிடம் பாடினால் எழுந்து போவார். கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கக் கூடாது, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்கி எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும். இதை நீங்களே முதலில் சொன்னால்தான் அடுத்து நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

காலண்டர், கோலம், போட்டி

மாதக் காலண்டர் நல்ல வழி. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு விலங்கு, ஒரு வீட்டுச் சுவரில் ஆண்டு முழுக்கத் தொங்கும். சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளிவரும், ஆர்டர் அப்போதிருந்தே ஓடும். மார்கழியில் யோசித்தால் அச்சுக்கூலி கூடும், தேதியும் கிடைக்காது. ஆனியிலேயே படங்களை முடித்து வையுங்கள். தை மாதத்து நாய்க்கு மாசியிலேயே வீடு கிடைத்துவிட்டால் நல்லது. காலண்டர் வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸப்பில் தெரிவியுங்கள், அவர்களே பேனாவால் எழுதிக்கொள்வார்கள்.

மார்கழிக் கோலத்தில் நாயும் பூனையும் வரைய ஒரு தெருவைச் சம்மதிக்க வைக்கலாம். மாட்டுப்பொங்கலுக்குள் வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியில் நடந்து முடிந்திருக்கும், பேச்செல்லாம் காளையாக இருக்கும். அந்த வாரத்தில் நாயைப் பேசாதீர்கள். வயதாகிப்போய்த் தெருவில் விடப்பட்ட மாடுகளைப் பேசுங்கள். கோயில் காளை செத்தால் மேளதாளத்தோடு எடுக்கிற ஊர்கள் இவை. அந்த மரியாதையில் கொஞ்சத்தைப் பக்கத்துத் தெரு மாட்டுக்குக் கேட்பது கஷ்டமில்லை.

உலக விலங்குகள் தினம் அக்டோபர் 4 என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். நம் பள்ளிகளுக்கு அது பெரும்பாலும் காலாண்டு விடுமுறையை ஒட்டி வரும். ஓவியப் போட்டியைப் பள்ளி திறந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு ‘விலங்குகளை நேசிப்போம்’ என்று இருந்தால் நூறு பிள்ளைகளும் ஒரே இதயத்தை வரைந்து உள்ளே ஒரு நாயை வைப்பார்கள். ‘எங்கள் தெருவில் இருக்கும் நாய், அது எங்கே தூங்கும்’ என்று கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில், மாவு மில் வாசலில், பெட்டிக்கடை பலகைக்குக் கீழே என்று ஊரின் வரைபடமே வந்து சேரும். எந்தத் தெருவில் குட்டிகள் இருக்கின்றன என்பதும் அதில் தெரியும், கருத்தடைக்குப் பிடிக்க வருகிறவர்களுக்கு அது உதவும்.

அஞ்சல் துறை 2005இல் நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டுக்காவல் நாய் என்று எல்லாம் இனப் பெயர் உள்ளவை. தெருநாய்க்கான தபால்தலையைப் பிள்ளைகளை வரையச் சொல்லலாம். சின்ன இடத்தில் ஒரு முகத்தை அடக்குவது நல்ல பயிற்சி.

படத்துக்குக் கீழே

ஒரு படத்துக்கு ஒரு வேலை. ‘தத்தெடுங்கள், நன்கொடை தாருங்கள், கருத்தடை செய்யுங்கள், தண்ணீர் வையுங்கள்’ என்று நான்கும் ஒரே சுவரில் இருந்தால் எதுவும் நடக்காது. மருந்தகத்துச் சுவரில் தத்து. ரேஷன் கடையில் பழைய சாக்கும் போர்வையும் கேட்பது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டி. பணம் கேட்பதென்றால் காப்பகத்தின் சொந்த வங்கிக் கணக்கு மட்டும், ரசீது கட்டாயம். உங்கள் சொந்த ஜிபே எண்ணைச் சுவரில் எழுதினால் முதல் நாளே உங்கள் மேல் பேச்சு கிளம்பிவிடும்.

போன் எண் யாருடையது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். பகலில் எடுக்கக்கூடிய, காப்பகத்தில் இருக்கிற ஒருவருடையது. எடுக்காத எண்ணைப் போட்ட சுவரில் அடுத்த வருஷம் புது எண்ணைப் போட்டாலும் அடிக்க மாட்டார்கள்.

போன் வந்தால்

நம் பக்கம் வரும் போன்களில் பாதி தோப்புக் காவலுக்காக இருக்கும். கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புக்கு நாய் கேட்பார்கள். மறுத்துவிடத் தேவையில்லை, ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். பகலில் யார் சோறு வைப்பார்கள்? சங்கிலியில் எவ்வளவு நேரம்? மழைக்கு ஒதுங்க இடம் எங்கே? ‘அது பார்த்துக்கும்’ என்று பதில் வந்தால் அந்த வீடு வேண்டாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

நாயைக் கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையையும் கொடுங்கள், நகலைக் காப்பகத்தில் வையுங்கள். அடுத்த ஊசித் தேதியை அட்டையில் பெரிதாக எழுதுங்கள். ஒரு வாரத்தில் ஒரு போன், ஒரு மாதத்தில் நேரில் ஒரு தடவை. சுவரில் உள்ள படத்தை அழிக்க வேண்டாம். அதன் கீழே ‘வீடு கிடைத்தது, கீரனூர்’ என்று எழுத்துக்காரரை வைத்துச் சேர்த்துவிடுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் போதும், வீட்டுக்காரர் பெயர் வேண்டாம். பக்கத்துப் படத்தில் இருக்கும் நாய்க்கு அது சிபாரிசு.

நாய் திரும்பி வந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டி அனுப்பினால் அடுத்தவர் திருப்பிக் கொண்டுவராமல் பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டு நோட்டில் அதன் பக்கத்தில் எழுதுங்கள். கோழியா, குழந்தையா, ராத்திரிக் குரைப்பா? அடுத்த படத்தின் கீழே வர வேண்டிய வரி அதுதான்.